கொடுத்த பணம் போய்ச் சேரும் இடம்



தலைப்பைச் சொன்னபோது ஏற்பாட்டாளர்கள் கொஞ்சம் தயங்கினார்கள். அறக்கட்டளைச் சொற்பொழிவில் பயங்கரவாதத்தைப் பற்றிப் பேசுவதா என்று கேட்டார்கள். இதைப் பேச இதைவிடப் பொருத்தமான மேடை இல்லை என்று நான் விடாமல் சொன்னேன். தொண்டு நிறுவனங்களின் கணக்குகளைத் தணிக்கை செய்வது என் தொழில். கொடுப்பவர்களின் நல்ல மனத்தையும், அந்த மனத்தைப் பிறர் எப்படிப் பயன்படுத்திக்கொள்கிறார்கள் என்பதையும் பக்கத்திலிருந்து பார்த்தவன் என்ற உரிமையில்தான் இங்கே நிற்கிறேன்.

2011ஆம் ஆண்டு ரமலான் மாதம். இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரத் தெருக்களில் சில இளைஞர்கள் நன்கொடை வாளிகளோடு நின்றார்கள். முஸ்லிம் எய்ட் என்ற தொண்டு நிறுவனத்தின் பெயரைச் சொல்லிப் பணம் திரட்டினார்கள். நோன்பு மாதத்தில் யாரும் கணக்குப் பார்த்துக் கொடுப்பதில்லை. 12,000 பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. அதில் சிறு பகுதிதான் அந்த நிறுவனத்துக்குப் போனது. மீதியைப் பெருக்கலாம் என்று கூட்டாளி ஒருவர் இணையத்தில் அந்நியச் செலாவணிச் சூதில் இறக்கினார், பெரும்பகுதி கரைந்துபோனது. அந்தக் கூட்டத்தின் திட்டம், முதுகுப்பைகளில் குண்டு வைத்து மக்கள் கூடும் இடங்களில் வெடிப்பது. காவல்துறை முன்கூட்டியே பிடித்துவிட்டது. 2013 பிப்ரவரியில் வூலிச் நீதிமன்றம் முக்கியமான மூவரையும் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது.

கொடுத்தவர்களில் ஒருவர்கூடத் தவறு செய்யவில்லை. பெயரைத் திருட்டில் பறிகொடுத்த நிறுவனமும் ஏமாற்றப்பட்ட தரப்புதான். அப்படியானால் ஓட்டை எங்கே இருந்தது? வாளியில் விழுந்த காசுக்கும் நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்கும் நடுவே இருந்த தெருவில். அந்த நேரத்தில் அந்தப் பணத்தை எண்ண ஆள் இல்லை.

நம் ஊர்ப் பெரிய கோயில்களில் உண்டியல் திறப்பதைப் பார்த்திருப்பீர்கள். முத்திரை சரியாக இருக்கிறதா என்று முதலில் பார்க்கிறார்கள். அதிகாரிகள் முன்னிலையில் பூட்டுத் திறக்கப்படுகிறது. மண்டபத்தில் விரிப்பு விரித்துக் காணிக்கையைக் கொட்டுகிறார்கள். தன்னார்வலர்கள் வரிசையாக உட்கார்ந்து பத்து, இருபது, ஐம்பது என்று நோட்டுகளைப் பிரிக்கிறார்கள். சில்லறை ஒரு பக்கம், வெளிநாட்டு நாணயம் ஒரு பக்கம், தங்கம் வெள்ளி தனியே. மேலே கேமரா ஓடுகிறது. வங்கிக்காரர்கள் வந்து வாங்கிக்கொண்டு போகிறார்கள். அங்கே உட்கார்ந்திருப்பவர்களை யாரும் திருடர்கள் என்று நினைப்பதில்லை. ஆனாலும் அத்தனை கண்களும் அங்கே இருக்கின்றன. பர்மிங்ஹாம் தெருவில் தேவைப்பட்டது அவ்வளவுதான்: எண் போட்ட, முத்திரையிட்ட வாளி, வாளி எண்ணோடு ஆள் பெயர் எழுதிய பதிவேடு, இரண்டு பேர் சேர்ந்து எண்ணிக் கையெழுத்திட்ட தாள்.

நிதி நடவடிக்கைப் பணிக்குழு என்ற பன்னாட்டு அமைப்பைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லவேண்டும். எஃப்.ஏ.டி.எஃப். என்று நாளிதழ்களில் படித்திருப்பீர்கள். கறுப்புப் பணத்தை வெள்ளையாக்குவதைத் தடுக்க 1989இல் ஜி-7 நாடுகள் பாரிஸில் உருவாக்கியது. நியூயார்க் இரட்டைக் கோபுரத் தாக்குதலுக்கு அடுத்த மாதமே, 2001 அக்டோபரில், பயங்கரவாத நிதியைத் தடுக்க எட்டுச் சிறப்புப் பரிந்துரைகளை வெளியிட்டது. எட்டாவது பரிந்துரை தொண்டு நிறுவனங்களைப் பற்றியது. இவை தவறாகப் பயன்படுத்தப்பட மிகவும் இலகுவானவை என்று அது பொத்தாம்பொதுவாகச் சொன்னது. அந்த ஒரு வரி உலகெங்கும் என்ன செய்தது என்பதற்குப் பிறகு வருகிறேன்.

இதே அமைப்பு 2014இல் 102 நிகழ்வுகளை எடுத்து ஆராய்ந்து ஓர் அறிக்கை தந்தது. நிதியைத் திசைதிருப்புவது, ஆயுதக் குழுவோடு கைகோத்திருப்பது, தொண்டுப் பணியின் ஊடே ஆள் சேர்ப்பது, திட்டங்களைத் தன் வசப்படுத்துவது, தொண்டு வேடம் போடுவது என்று அவற்றை வகை பிரித்தார்கள். பர்மிங்ஹாம் கடைசி வகை. அதிகமாகக் கண்டது முதல் வகைதான். ஆபத்து எல்லாத் தொண்டு நிறுவனங்களுக்கும் ஒரே அளவில் இல்லை என்பதும் அதில் தெளிவானது. ஆயுதக் குழு நடமாடும் பகுதிக்குப் பக்கத்தில் நேரடியாகச் சேவை செய்பவர்களுக்குத்தான் ஆபத்து மிகுதி. சென்னையில் நூலகம் நடத்தும் அறக்கட்டளையையும் போர்முனையில் மருத்துவமனை நடத்தும் அறக்கட்டளையையும் ஒரே தட்டில் வைக்க முடியாது.

எல்லாம் வேடமாகவே இருந்துவிட்டால் வேலை எளிது. கடினம் எங்கே என்றால், தொண்டும் உண்மை, துப்பாக்கியும் உண்மை என்று இரண்டும் ஒரே வீட்டில் இருக்கும்போது. 2005 அக்டோபரில் காஷ்மீர் நிலநடுக்கம் வந்தபோது முசாஃபராபாத் பக்கம் முதலில் ஓடிப்போய் இடிபாடுகளில் ஆட்களை மீட்டவர்களில் பாகிஸ்தானின் ஜமாத்-உத்-தாவா அமைப்பினரும் இருந்தார்கள். மருத்துவ முகாம் நடத்தினார்கள். காயத்துக்குக் கட்டுப் போட்டது பொய்யில்லை. மூன்றே ஆண்டுகளில் மும்பைத் தாக்குதல் நடந்து 166 பேர் இறந்தார்கள். அதற்கடுத்த மாதம், 2008 டிசம்பரில், ஜமாத்-உத்-தாவா என்பது அத்தாக்குதலை நடத்திய லஷ்கர்-இ-தொய்பாவின் மறுபெயரே என்று ஐக்கிய நாடுகள் சபை அதைத் தடைப்பட்டியலில் சேர்த்தது. அதன்பின் ஃபலா-இ-இன்சானியத் என்ற பெயரில் அதே வேலை தொடர்ந்தது. 2012இல் அதுவும் பட்டியலில் ஏறியது.

இவர்களின் வருவாய் வழிகளில் ஒன்று என் மனத்தை விட்டு நீங்காதது. பக்ரீத் அன்று குர்பானி கொடுத்த ஆட்டின், மாட்டின் தோலை வீட்டுக்காரர்கள் தர்மமாகக் கொடுத்துவிடுவார்கள். அதைச் சேர்த்துத் தோல் பதனிடும் ஆலைக்கு விற்றால் பெரும் பணம். நம் நாட்டிலும் ஏழைப் பிள்ளைகள் படிக்கும் மதரசாக்கள் பலவற்றுக்கு அந்தத் தோல் பணம் சோறு போடுகிறது. அது நல்ல காரியம். பாகிஸ்தானில் தடைசெய்யப்பட்ட குழுக்கள் தெருத்தெருவாக முகாம் போட்டு அதே தோலைச் சேகரித்தன. தடைசெய்யப்பட்டவர்கள் தோல் சேகரிக்கக்கூடாது என்று பெருநாளுக்கு முன் அரசு அறிவிப்பு வெளியிட வேண்டியிருந்தது. ஒரு வீட்டின் வாசலில் உப்புத் தடவிச் சுருட்டி வைத்த ஒற்றைத் தோல். அதைக் கொடுக்கிற அம்மாவுக்கு ஆயுதம் பற்றி என்ன தெரியும்? 2018 ஜூனில் பாகிஸ்தானைப் பணிக்குழு சாம்பல் பட்டியல் என்ற கண்காணிப்புப் பட்டியலில் வைத்தது. 2022 அக்டோபர் வரை வெளியே விடவில்லை. அந்த நெருக்கடி நடுவில்தான், 2020 பிப்ரவரியில், ஜமாத்-உத்-தாவாவின் தலைவர் ஹஃபீஸ் சயீத் பயங்கரவாத நிதி வழக்கில் லாகூர் நீதிமன்றத்தால் தண்டிக்கப்பட்டார். பன்னாட்டு அழுத்தத்தால் ஒன்றும் ஆகாது என்பவர்கள் இதைக் கவனிக்கவேண்டும்.

இதை ஒரு மதத்தின் குறை என்று யாராவது எண்ணினால் அது பெரும் பிழை. 1970இல் நியூயார்க்கில் தொடங்கிய நோரெய்ட் அமைப்பு, சிறையிலிருக்கும் ஐரிஷ்காரர்களின் குடும்பங்களுக்கு என்று அயர்லாந்து வழிவந்த அமெரிக்கர்களிடம் நிதி திரட்டியது. தான் செயல்படுவது ஐ.ஆர்.ஏ. என்ற ஐரிஷ் ஆயுதக் குழுவுக்காக என்று பதிவுசெய்யும்படி 1980களில் அமெரிக்க நீதிமன்றம் அதை வற்புறுத்தியது.

இனி நம்மவர் கதை. இதை விட்டுவிட்டு ஊர்க்கதை பேசினால் நான் நேர்மையாகப் பேசியவன் ஆகமாட்டேன்.

2004 டிசம்பர் 26. ஆழிப்பேரலை முல்லைத்தீவை வாரிக்கொண்டு போனது. அன்று அந்தக் கரையில் பிணங்களை எடுத்தவர்களிலும், முகாம் அமைத்தவர்களிலும் முன்னே நின்றது தமிழர் புனர்வாழ்வுக் கழகம். டொராண்டோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் சூரிச்சிலும் இருந்த தமிழர்கள் அதற்கு அள்ளிக் கொடுத்தார்கள். கொழும்பு வழியாக அனுப்பினால் வடக்குக்கு எப்போது போய்ச்சேரும் என்ற அவர்களின் சந்தேகம் ஆதாரமற்றது அல்ல. நிவாரணத்தைப் பகிர்ந்துகொள்ள 2005 ஜூனில் அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போடப்பட்ட உடன்பாட்டின் முக்கியப் பகுதிகளை அடுத்த மாதமே இலங்கை உச்ச நீதிமன்றம் நிறுத்திவைத்தது. ஆக, நேர்வழி அடைபட்டிருந்தது.

ஆனால் இன்னொரு பக்கமும் உண்டு. பிரிட்டனின் அறநிறுவன ஆணையம் புனர்வாழ்வுக் கழகத்தின் அந்நாட்டுக் கிளையை 2000இலிருந்தே விசாரித்தது. இலங்கைக்கு அனுப்பிய பணம் அங்கே எப்படிச் செலவானது என்பதற்கு நிர்வாகிகளால் நிறைவான கணக்குக் காட்ட முடியவில்லை. 2005இல் அதைப் பதிவேட்டிலிருந்து நீக்கியது. 2007 நவம்பரில் அமெரிக்கக் கருவூலம் கழகத்தைப் புலிகளின் முன்னணி அமைப்பு என்று கூறிச் சொத்துகளை முடக்கியது. கழகம் அந்தக் குற்றச்சாட்டுகளை மறுத்தே வந்தது. ஒரு தணிக்கையாளனாக நான் நிற்கும் இடம் பிரிட்டிஷ் ஆணையம் நின்ற இடம். உள்நோக்கத்தை அளக்க எனக்குக் கருவி இல்லை. கணக்கு இல்லை என்பதை மட்டும் என்னால் சொல்ல முடியும். கணக்கு இல்லாத இடத்தில் நல்லவன் தன் நேர்மையையும் மெய்ப்பிக்க முடியாமல் போகிறான்.

இதைவிட வலிக்கிற ஒன்று 2006 மார்ச்சில் வெளியானது. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் என்ற மனித உரிமை அமைப்பு, புலம்பெயர்ந்த தமிழரிடம் புலிகளுக்காக நிதி வசூலிக்கப்பட்ட விதத்தை அறிக்கையாகத் தந்தது. கனடாவில் ஒரு குடும்பத்திடம் 2,500 முதல் 5,000 டாலர் வரை கேட்டிருக்கிறார்கள். வணிகர்களிடம் இன்னும் பன்மடங்கு. இரவு நேரத்தில் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துகொள்வார்கள். தொழிற்சாலையில் இரட்டை ஷிஃப்ட் பார்த்துவிட்டு வந்தவர், "இப்ப கையில காசு இல்லை அண்ணை" என்றால், ஊரில் இருக்கும் உறவுகளை நினைவூட்டுவார்கள். வன்னிக்குப் போனால் இந்தக் கணக்கைத் தீர்க்காமல் திரும்ப முடியாது என்பார்கள். மனமுவந்து கொடுத்தவர்கள் பலர் இருந்தார்கள் என்பது உண்மை. அஞ்சிக் கொடுத்தவர்களும் இருந்தார்கள் என்பதும் உண்மை. பின்னவர்களை நன்கொடையாளர் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர்களைக் காக்கவேண்டிய காவல்துறைகள் நெடுங்காலம் அவர்களைக் கேட்கவே இல்லை.

சரி, தடுப்பது என்று இறங்கிய அரசுகள் என்ன செய்தன? இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது.

2001 நவம்பரில் அமெரிக்கா அல்-பரக்காத் என்ற சோமாலியப் பணப் பரிமாற்ற நிறுவனத்தை ஒரே நாளில் முடக்கியது. வங்கியே இல்லாத நாட்டுக்கு, வெளிநாட்டில் உழைத்தவர்கள் வீட்டுக்குப் பணம் அனுப்பிய பெரிய வாசல் அது. இரட்டைக் கோபுரத் தாக்குதலோடு அதற்கு நேரடித் தொடர்பு இருந்ததற்குச் சான்று இல்லை என்று பின்னர் அத்தாக்குதலை விசாரித்த ஆணையத்தின் ஆய்வாளர்களே எழுதினார்கள். வாசல் மூடியது மூடியதுதான். 2013இல் லண்டனில் பார்க்லேஸ் வங்கி இத்தகைய பரிமாற்ற நிறுவனங்கள் பலவற்றின் கணக்கை மூடப்போவதாக அறிவித்தது. சோமாலியர்களின் தஹப்ஷீல் நிறுவனம் உயர்நீதிமன்றத் தடை வாங்கித்தான் மூச்சுவிட்டது. வங்கிகளைக் கேட்டால், ஆபத்தை எடைபோடுவதைவிட வாடிக்கையாளரை வெளியே அனுப்புவது செலவு குறைவு என்பார்கள். வெளியே அனுப்பப்பட்ட பணம் நின்றுவிடாது. யார் கண்ணிலும் படாத கைமாற்று வழிக்குப் போகும். பாதுகாப்பு என்ற பெயரில் பணத்தை இருட்டுக்குள் தள்ளுவது எந்த ஊர் நியாயம்?

அதே சோமாலியாவில் 2011 ஜூலையில் ஐ.நா. பஞ்சத்தை அறிவித்தது. 2010 அக்டோபருக்கும் 2012 ஏப்ரலுக்கும் இடையே ஏறத்தாழ 2,58,000 பேர் இறந்தார்கள் என்று பின்னர் கணக்கிட்டார்கள். பாதிக்கு மேல் ஐந்து வயது நிரம்பாத குழந்தைகள். மழை பொய்த்தது காரணம். உணவு நிறுவனங்களை விரட்டியடித்து, மிச்சம் இருந்தவர்களிடம் வரி கேட்ட அல்-ஷபாப் என்ற ஆயுதக் குழு பெருங்காரணம். இன்னொன்றும் உண்டு: அல்-ஷபாபை 2008இல் அமெரிக்கா தடைசெய்தபின், அவர்கள் கையில் ஒரு மூட்டை போனாலும் வழக்கு வருமோ என்ற அச்சத்தில் தெற்குச் சோமாலியாவுக்கான உதவி சுருங்கிப்போனது. மூட்டையில் ஒன்று திருடுபோகும் என்பதற்காக மற்ற மூட்டைகளையும் நிறுத்தியதை நான் பாதுகாப்பு என்று ஏற்கமாட்டேன்.

சட்டத்தின் பக்கத்திலிருந்து ஒரு வாதம் வரும். பணம் நீர் மாதிரி, எந்தப் பள்ளத்திலும் பாயும்; ஆயுதக் குழு நடத்தும் மருத்துவமனைக்குக் கொடுத்தால், அந்தச் செலவு மிச்சமாகி அவர்கள் துப்பாக்கி வாங்குவார்கள் என்பார்கள். 2010 ஜூனில் அமெரிக்க உச்ச நீதிமன்றம், புலிகளும் குர்திஸ்தான் தொழிலாளர் கட்சியும் சம்பந்தப்பட்ட வழக்கில், 6-க்கு 3 என்ற பெரும்பான்மையில் இவ்வாதத்தை ஏற்றது. அங்கே பணம்கூடக் கேள்வியில்லை. அமைதி வழியில் உரிமை கோருவது எப்படி என்று கற்றுத்தருவதும் உதவியே என்றது நீதிமன்றம். நீதிபதி பிரேயர் உள்ளிட்ட மூவர் மறுத்தார்கள். நானும் அவர்கள் பக்கம். இந்த வாதத்தை நீட்டினால், ஆயுதக் குழுவின் ஆட்சியில் பிறந்த குழந்தைக்குப் பால் கொடுப்பதும் குற்றம் என்று முடியும்.

நல்லவேளையாகப் பணிக்குழு, முன்பு சொன்ன அந்த ஒரு வரியைத் திருத்தியது. தொண்டு நிறுவனங்கள் எல்லாமே மிகவும் இலகுவான இலக்கு என்ற வாசகம் 2016 ஜூனில் நீக்கப்பட்டது. ஆபத்து உள்ளவற்றை அடையாளம் கண்டு, அளவோடு நடவடிக்கை எடுங்கள், நேர்மையான பணியை முடக்காதீர்கள் என்று 2023இல் இன்னும் தெளிவாக எழுதினார்கள். 2022 டிசம்பரில் ஐ.நா. பாதுகாப்பு சபையின் 2664ஆம் தீர்மானம், மனிதாபிமான உதவிக்குச் சொத்து முடக்கத்திலிருந்து விலக்குத் தந்தது. பதினான்கு நாடுகள் ஆதரித்தன. வாக்களிக்காமல் விலகிய ஒரே நாடு இந்தியா. அம்மாதம் சபையின் தலைமையும் நம்மிடமே இருந்தது. நம் பக்கத்து நாட்டில் தடைசெய்யப்பட்ட குழுக்கள் தொண்டு முகமூடியில் மறுபிறவி எடுத்ததைக் கண்டோமே என்பது இந்தியாவின் காரணம். முசாஃபராபாதைச் சற்றுமுன் சொன்னேன், காரணம் பொய்யில்லை. ஆனால் சோமாலியாவையும் சொன்னேன். இரண்டையும் ஒருசேரக் கண்முன் வைத்துக்கொள்ளும் வழி, விலக்கை மறுப்பதல்ல. பொருள் போய்ச்சேர்ந்த இடத்தில் கணக்கைக் கேட்பது.

அந்தக் கணக்கு எப்படி இருக்கும் என்று ஓர் அனுபவம் சொல்கிறேன். ஒரு புயலுக்குப் பிறகு கடற்கரைக் கிராமங்களில் அரிசி கொடுத்த நிறுவனம் ஒன்றின் பயனாளிப் பட்டியல் என் மேசைக்கு வந்தது. பெயர், தெரு, குடும்ப அட்டை எண், அரிசி அளவு, கடைசியில் கைநாட்டு. புரட்டிக்கொண்டே போனேன். மூன்றாவது பக்கத்திலிருந்து கைநாட்டுகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருந்தன. மையின் அழுத்தமும் ஒன்றே. கண்ணாடி வைத்துப் பார்த்தேன். ஒரே பெருவிரல். ஊருக்கே போய் வீடுவீடாகக் கேட்டோம். அரிசி எல்லாருக்கும் கிடைத்திருந்தது. கூட்டம் அலைமோதியதால் தொண்டர் ஒருவர் பொருளைக் கொடுத்து முடித்துவிட்டு, ராத்திரி உட்கார்ந்து தானே விரலை அழுத்தியிருக்கிறார். "ஐயா, பசியில நிக்கிறவங்களை வரிசையில நிறுத்திக் கைநாட்டு வாங்கச் சொல்றீங்களா?" என்று கேட்டார். அவர் உத்தமர். ஆனால் அந்தத் தாள் ஓர் உத்தமர் எழுதியதா, பாதி மூட்டையை வேறு பக்கம் ஓட்டிவிட்ட ஆள் எழுதியதா என்று தாளைப் பார்த்துச் சொல்ல முடியாது. ஆயுதக் குழுக்கள் நுழைவது இந்த வழியாகத்தான்.

தனி நன்கொடையாளர் செய்யக்கூடியது எளிது. வாட்ஸ்அப்பில் குழந்தையின் படத்தோடு வரும் கியூஆர் கோடுக்கு உடனே பணம் தட்டாதீர்கள். அந்தக் குறியீட்டை ஸ்கேன் செய்தால் கணக்கின் பெயர் வரும். அது நிறுவனத்தின் பெயரா, தனி ஆள் பெயரா என்று பாருங்கள். இணையவழி நிதி திரட்டலைப் பயங்கரவாதக் குழுக்கள் பயன்படுத்துவது பற்றியே 2023இல் பணிக்குழு தனி அறிக்கை வெளியிட்டிருக்கிறது. வருமான வரிச் சலுகைக்கான ரசீது கேளுங்கள். வருமான வரித் துறையில் பதிந்த நன்கொடைச் சான்றிதழ் தராத நிறுவனத்திடம் ஏன் என்று கேளுங்கள். கேட்டால் மனம் நோகுமே என்று நினைக்கவேண்டாம். நேர்மையானவர்கள் கேட்பவரை விரும்புவார்கள்.

நிறைவாக நம் அரசிடம் ஒரு கோரிக்கை. வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தை 2020 செப்டம்பரில் திருத்தினார்கள். பணம் முழுவதும் புதுதில்லி ஸ்டேட் வங்கிக் கிளை ஒன்றில்தான் முதலில் வந்து விழவேண்டும் என்றார்கள். நுழைவாயில் ஒன்றானால் பார்ப்பது எளிது, அதில் எனக்கு மறுப்பில்லை. ஒரு நிறுவனம் பெற்றதை இன்னொன்றுக்குப் பிரித்துக் கொடுக்கக்கூடாது என்றார்கள். மலைக்கிராமத்தில் வேலை செய்யும் சிறு அமைப்புகளின் அடுப்பு அதில் அணைந்தது. நிர்வாகச் செலவின் உச்சவரம்பை 50 விழுக்காட்டிலிருந்து 20 ஆகக் குறைத்தார்கள். நிர்வாகச் செலவு என்று விதிகள் எதை எண்ணுகின்றன தெரியுமா? நிதியைக் கணக்கு வைக்கும் செலவு. அறிக்கை எழுதித் தாக்கல் செய்யும் செலவு. அந்தக் கடற்கரைக் கிராமத்துக்கு இரண்டாவது ஆளை அனுப்பி, பட்டியலைச் சரிபார்த்திருந்தால் ஆகியிருக்கும் செலவும் இந்தத் தலைப்பில் போய் விழக்கூடும். கணக்குக் காட்டு என்று சட்டம் ஒரு கையால் கேட்கிறது. கணக்கெழுதும் ஆளின் சம்பளத்தை மறு கையால் வெட்டுகிறது. 2024 செப்டம்பரில் வெளியான மதிப்பீட்டு அறிக்கையில் பணிக்குழுவும் இந்தியாவிடம், தொண்டு நிறுவனங்கள் மீதான நடவடிக்கைகள் ஆபத்தின் அளவுக்கு ஏற்ப இருக்கட்டும், அவர்களோடு பேசுங்கள் என்றுதான் சொல்லியிருக்கிறது. பேசுவதாக இருந்தால் முதல் பேச்சு இதுவாக இருக்கட்டும்: கணக்கு, களச் சரிபார்ப்பு, தணிக்கை ஆகிய மூன்றின் செலவையும் அந்த 20 விழுக்காட்டிலிருந்து வெளியே எடுங்கள். சட்டத்தைத் திருத்தவேண்டியதில்லை, விதியில் ஒரு வரி போதும்.